கிரகணத்தின் மேல் போட்ட பழி

அறுபதுகளில் மாத்தளை டவுனில் சின்னதாய் ஒரு மிளகுக் கடை வைத்திருந்தேன். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த மகள், மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. இரண்டு கண்மணியிலும் பால் தெளித்தாற்போல் வெள்ளை.

எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டதாக நினைப்பு! மனைவி முழுகாமல் இருந்தபோது, கிரகணம் பிடித்த நேரத்தில் மழை தூறியதென்று, முற்றத்தில் காய்ந்த மிளகை அள்ள வெளியே ஓடினாள். அதையே சொல்லிக் காட்டினேன். கடைக்கு வருகிறவர்களிடமும் சொன்னேன். அவள் காப்பாற்றியது என் மிளகைத்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பாவம், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுவாள்.

கண்டியில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண்புரை என்றார். கிரகணக் கதையை அங்கேயும் அவிழ்த்தேன்.

“கிரகணத்தால இது வராதுங்க. பரம்பரையா வரலாம். சில பிள்ளைங்களுக்குக் காரணமே தெரியாது” என்றவர், மனைவியிடம், “மாசமான புதுசுல காய்ச்சலோட மேலெல்லாம் செவப்பா ஏதாச்சும் போட்டிச்சா?” என்று கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மை போட்டு அம்மாள் இறங்கியதை நாங்கள் டாக்டரிடம் சொல்வதில்லை, தெய்வக் குற்றம். வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கோயிலுக்குப் போய்வந்தால் முடிந்தது. ஆனால் முதலில் அது வந்தது எனக்கு. பக்கத்திலேயே இருந்து வேப்பிலையால் தடவிவிட்டவள் அவள். இரண்டு வாரம் கழித்து அவளுக்கும் வந்தது. வயிற்றில் பிள்ளை இருப்பது அப்போது இருவருக்கும் தெரியாது.

“வந்திச்சுங்க. எங்கிட்டருந்துதான் வந்திச்சு” என்றேன். வெட்கத்தில் உடம்பே கூசியது.

அது ஜெர்மன் சின்னமுத்து என்கிற அம்மையாக இருக்கும், வயிற்றுப் பிள்ளையின் கண்ணைக் கெடுக்கும், யார் மேலும் குற்றமில்லை என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு நாள் குறித்துத் தந்தார்.

திரும்பும் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். “கடைக்கு வந்தவங்ககிட்டயெல்லாம் சொன்னீங்கல்ல, இதையும் சொல்லுங்க” என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

சொன்னேன். மிளகு வாங்க வந்தவர்கள் கதையையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மகளுக்கு ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் நடந்தது. போத்தல் அடி மாதிரி கண்ணாடி மாட்டியதும், தாயின் மூக்குத்தியை எட்டிப் பிடித்துச் சிரித்தாள். எங்களுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மகள் பிறகு நன்றாகப் படித்தாள், குறையொன்றுமில்லை. மனைவி நான் பழி சொன்ன அந்த நாட்களைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை, அதனால்தான் என்னால் அதை மறக்க முடியவில்லை.