பத்தாயத்துக்குள் ஒரு பேஸ் கிட்டார்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? எழுபதுகளின் கடைசியில் கம்பம் ஊரில் ஒரு மெல்லிசைக் குழுவில், பாட்டுக்கு அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். கச்சேரிக்கு மறுநாள் டீக்கடையில் பாட்டுக்காரரைப் புகழ்வார்கள், தபேலாக்காரரைப் புகழ்வார்கள். என்னைப் பார்த்தால், "நேத்து நீங்க வரலியாண்ணே?" என்பார்கள். விரல் தேய வாசித்தவனுக்கு எப்படி இருக்கும்!

முதலில் கிட்டாரின் மேல்தான் பழியைப் போட்டேன். அது கோட்டயத்துக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழசு. கழுத்து நீளம். நானோ குள்ளம். என் இடது கை நுனிவரை எட்டிப் பிடிப்பதற்குள் பாட்டு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். மதுரைக்குப் போய் ஒரு கடையில் காலையிலிருந்து ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் பளபளவென்று ஒன்றைக் காட்டி, "மேடையில எடுப்பா இருக்கும்" என்றார். "என் கைக்கு எட்டணும்ல அண்ணாச்சி" என்று சொல்லி, கழுத்து குட்டையான, கம்பி தாழ்வான ஒன்றை எடுத்துக்கொண்டேன். தோளில் மாட்டினால் இருப்பதே தெரியாது.

எங்கள் குழுவை நடத்தியவர் ஆர்மோனியக்காரர், என்னைவிட மூத்தவர். அதைப் பார்த்ததும், "என்ன தம்பி, பச்சப்புள்ள வெளையாட்டுச் சாமானாட்டம் இருக்கு?" என்று சிரித்தார். வாசிப்பு என்னவோ சுகமாகத்தான் வந்தது. ஆனால் அப்போதும் யாருக்கும் கேட்கவில்லை. குழாய் ஸ்பீக்கர் பாட்டுக்காரர் குரலைப் பக்கத்து ஊர்வரைக்கும் கொண்டுபோகும். என் தடித்த கம்பியின் சத்தம் மட்டும் அதன் தொண்டையிலேயே செத்துப்போகும்.

ஒருநாள் ஆர்மோனியக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். "எல்லாரும் என்ன சொல்றாக தெரியுமா? கேக்காத வாத்தியத்துக்கு எதுக்கு ஒரு ஆளுங்குறாக. அடுத்து வர்ற காமயகவுண்டன்பட்டி கோயில் கச்சேரியிலயும் கேக்கலன்னா நீங்க வேற சோலியப் பாருங்க தம்பி."

வேறு வாத்தியம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

கனத்த சத்தத்துக்குக் கூம்புத்தாள் வைத்த பெரிய ஸ்பீக்கரும், அதை உட்கார்த்த ஒரு பெரிய மரப்பெட்டியும் வேண்டும். ஸ்பீக்கர் மைக் செட்காரரிடம் கிடைத்தது. பெட்டிக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் நெல் கொட்டிவைக்கும் பத்தாயம் காலியாகக் கிடந்தது. அதன் முன்பக்கத்துச் சின்னக் கதவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஸ்பீக்கரைப் பலகையோடு பொருத்தினேன்.

"ஏலே, நெல்லு கொட்டுற பொட்டியில பாட்டு வைக்கிறியே, நீ உருப்படுவியா?" என்றாள் அம்மா.

"நம்ம வயல் அறுக்கிறதுக்குள்ள கொண்டாந்துருவேன் ஆத்தா!"

வாசித்துப் பார்த்தேன். சத்தம் வந்தது, ஆனால் காலி டின்னைத் தட்டினாற்போல ஒரே அதிர்வு. மேல்மூடியைத் திறந்துவைத்தால் கொஞ்சம் அடங்கியது. அப்படியே திறந்துபோட்டுத்தான் கோயில் மேடைக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தேன். வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், ஒரு அம்மா கூடை நெல்லைப் பத்தாயத்துக்குள் கொட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது! எங்களுக்கு முன்பே அறுவடை முடிந்த ஊர் அது. திருவிழாவுக்குப் புதுநெல் கொடுப்பது வழக்கம். கோயில் வாசலில் வாய் திறந்த பத்தாயம் இருந்தால் வேறு என்ன நினைப்பார்கள்?

"ஐயையோ, அது என் கிட்டாரோட பொட்டிம்மா!" என்று கத்தினேன்.

"எதுவா இருந்தா என்ன? சாமிக்குப் போட்டது போட்டதுதான். கைய வைக்காதீக!" என்று அந்த அம்மா அதட்டினார்.

ஆர்மோனியக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் மேடையில் கூப்பிட்டுவிட்டார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே இருப்பதிலேயே தடித்த கம்பியைத் தட்டினேன்.

அடடா! அந்த அதிர்வையே காணோம். ஸ்பீக்கருக்குக் கீழே நெல் கனமாக உட்கார்ந்து பெட்டியின் உளறலை அடக்கிவிட்டது. சத்தம் உருண்டு திரண்டு தரையோடு போனது. முன்வரிசையில் இருந்தவர்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். என்னை அதட்டிய அம்மா, "உள்ளுக்குள்ள கும்முங்குதுடி" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மேடைவரை கேட்டது. ஆர்மோனியக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்ததில் தான் வாசிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டார். நான் விடவில்லை.

கச்சேரி முடிந்ததும் விழாக்காரர்கள் நெல்லை மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். ஆர்மோனியக்காரர் பத்தாயத்தைத் தட்டிக்கொடுத்தார். "அடுத்த கச்சேரி சுருளிப்பட்டியில. இதுக்கு ஒரு மூட்ட நெல்லு நானே கொண்டாரேன்" என்றார். பிறகு நாலு பேரைக் கூப்பிட்டு அதைப் பத்திரமாகக் குழுவின் வேனில் ஏற்றினார். பின்பக்கம் முழுக்க அடைத்துக்கொண்டது.

"வண்டியில எடமில்ல தம்பி. நீங்க டவுன் பஸ்ல வந்துருங்க."

வேறு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று, "பாத்துக் கூட்டிட்டுப் போங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.