பீட்டரின் அம்மாவோடு பூனாவுக்கு, 192 கிலோமீட்டர்

பூனாவில் இருக்கும் போர்க் கல்லறைகளைப் பார்க்க எப்படிப் போவது என்று இரண்டு மூன்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இப்போது புணே என்கிறார்கள், எனக்கு அது வாயில் வராது. 1977 முதல் 1988 வரை பம்பாயில் ஒரு வெளிநாட்டுத் துணைத் தூதரகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எந்த நாடு என்று சொல்லமாட்டேன், கேட்காதீர்கள். ஒவ்வொரு நவம்பரிலும் மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு பூனாவில் கிர்க்கி என்ற இடத்திலுள்ள போர்க் கல்லறைக்குப் போவேன். அதிகாரி இனி போர் வேண்டாம் என்று நாலு வரி வாசிப்பார், இரண்டு நிமிடம் எல்லோரும் தலை குனிந்து நிற்போம், பிறகு டீ, பிஸ்கட். அந்தப் பயணங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை வேறொரு பயணத்துக்குத்தான் போகிறது. 1982, மே மாதம். அதை எழுதித் தொலைத்துவிட்டு வழி சொல்கிறேன்.

தூதரகம் என்றால் விருந்து, கொடி, கார் என்று நினைப்பீர்கள். பாதி வேலை சாவு வேலை. அந்த நாட்டுக்காரர் யாராவது இங்கே செத்துப்போனால் ஊருக்குத் தந்தி அடிக்கவேண்டும், குடும்பம் என்ன சொல்கிறதோ அதன்படி செய்யவேண்டும். பதில் வரும்வரை எதையும் தொடக்கூடாது. இது சட்டம்போல. என் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு டியூட்டி போனில் நான் இருந்தேன். அதிகாரி மகாபலேஷ்வர் போயிருந்தார். பூனாவிலிருந்து டிரங்க்கால், ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். கோந்த்வா பக்கம் தோட்ட வீட்டில் வாடகைக்கு இருந்த இருபத்து நாலு வயசுப் பையன், பெயர் பீட்டர், மஞ்சள் காமாலையில் காலையில் இறந்துவிட்டான். பாஸ்போர்ட் உங்கள் நாட்டுடையது. வெயில் கொளுத்துகிறது, சவக்கிடங்கில் இடமில்லை. கூட இருந்த நண்பர்கள் எரித்துவிடத் தயாராக இருக்கிறார்கள். "க்யா கர்னா ஹை, சாப்? என்ன செய்யறது? சீக்கிரம் சொல்லுங்க, லைன் கட் ஆயிடும்."

நான் கும்பகோணத்துக்காரன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எடுக்கும்வரை யார் வீட்டிலும் அடுப்பு எரியாது. கிடத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பது இறந்தவனுக்குச் செய்யும் அவமரியாதை என்றே வளர்ந்தவன். பாவம், யாரோ பெற்ற பிள்ளை, அனாதையாகக் கிடக்கிறானே என்றுதான் பட்டது. விதி நினைவுக்கு வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வந்தது. விதியைவிட எனக்குத் தெரிந்தது சரி என்று தோன்றியது.

"எடுத்துடுங்க. இன்னிக்கே எடுத்துடுங்க" என்றேன்.

பையன் இறந்த செய்தியை மட்டும் ஊருக்குத் தந்தி அடித்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு அன்று தூங்கினேன். ஞாயிறு பூனாவுக்குப் போன் போட்டு ஞானப்பிரகாசத்திடம் சாம்பலை வாங்கி வைக்கச் சொன்னேன். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் அவர்தான் ஆபீஸ் பார்ப்பவர். நவம்பர் வேலைக்கெல்லாம் நாற்காலி, பாதிரியார், பேண்டு என்று சகலமும் அவர் ஏற்பாடு. திங்கட்கிழமை பையனின் அம்மாவிடமிருந்து தந்தி வந்தது. அவனை எனக்காக வைத்திருங்கள், புறப்பட்டுவிட்டேன், அவன் அப்பா பக்கத்தில் புதைக்கவேண்டும்.

அதிகாரி என்னைத் திட்டவில்லை. சுகாதார விதிகளின்படி தவிர்க்க முடியாமல் உடல் எரிக்கப்பட்டது என்று ஒரு கடிதம் சொன்னார், நான் டைப் அடித்தேன். வியாழக்கிழமை அந்த அம்மாள் வந்ததும் அந்தக் கடிதம்தான் கைக்குக் கிடைத்தது. பூனாவுக்கு உனக்குத்தான் வழி தெரியும், கூட்டிப்போ, அதிகம் பேசாதே என்று என்னையே அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை 6.45க்குப் பம்பாய் வி.டி. ஸ்டேஷனில் வண்டி. முதல் வகுப்பு, தூதரகச் செலவு. அந்த அம்மாளுக்கு மெலிந்த உருவம், அறுபது வயதிருக்கும், மடியில் ஒரு பழுப்பு நிறத் தோல் பை. அவருக்கும் எனக்கும் ஆங்கிலம் ஒரே தரம், தட்டுத்தடுமாறித்தான் பேசிக்கொண்டோம். கர்ஜத்தில் மலையேற வண்டியைத் தள்ள பின்னால் இன்ஜின் மாட்டுவார்கள், அதற்குள் பிளாட்பாரத்தில் வடா விற்பார்கள். ஒன்று ஐம்பது பைசா. வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்தார். குகைகளுக்குள் வண்டி நுழைந்து நுழைந்து வெளியே வந்தது, மலை முழுக்கக் காய்ந்து கிடந்தது. லோணாவ்ளாவில் அந்தப் பையைத் திறந்து காட்டினார். பீட்டரின் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, புதுக் காலுறை. போட்டு அனுப்புவதற்காக ஊரிலிருந்து கொண்டுவந்தது. பம்பாய் வந்து கடிதத்தைப் படித்த பிறகும் அதை அறையில் விட்டுவர மனசு வரவில்லையாம்.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

பதினொன்றேகாலுக்குப் பூனா. முதலில் போலீஸ் ஸ்டேஷன், பாஸ்போர்ட்டும் கைக்கடிகாரமும் வாங்க. ஆட்டோ மூன்று ரூபாய். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், அதுதான் வினை. அம்மாளுக்கு நாற்காலி போட்டு, ஆங்கிலத்தில் விளக்கினார். "நாங்கள் போன் செய்தோம், மேடம். உங்கள் ஆபீசில் ஒருவர் பேசினார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்றார்." என் குரலை அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து கல்லறைத் தோட்டம் மூன்று கிலோமீட்டர், டாங்கா குதிரை வண்டியில் போனோம். ஞானப்பிரகாசம் வாசலிலேயே நின்றார். பாளையங்கோட்டைப் பூர்வீகம், அப்பா காலத்திலேயே ராணுவத்தோடு வந்த குடும்பம். அம்மாளை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னை வேப்ப மரத்தடிக்கு இழுத்துப் போனார்.

"என்ன தம்பி இப்படிப் பண்ணிட்டீங்க? எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

"போட்டா என்ன செஞ்சிருப்பீங்க? வெயில்ல..."

"என்ன வெயில்? நாங்க இங்க பொணத்த வச்சுக் காத்துக் கெடந்ததில்லயா? எங்கய்யா செத்தப்ப அண்ணன் மெட்ராஸ்ல இருந்து ரயில்ல வரணும்லா. ரெண்டு நாளு. ஐஸ் பேக்டரிவாலா நம்ம தோஸ்த்து, பாளம் பாளமா ஐஸ டெம்போல அனுப்பிருவான். மரத்தூளப் போட்டு மூடி வச்சிருந்தோம். முகம் அப்படியே இருந்துச்சு. இங்க நம்ம ஜனம் அத்தன பேரும் அப்படித்தாம் காத்திருப்போம். இந்தம்மாவுக்கு அஞ்சு நாளு. கஷ்டந்தாம். ஆனா பண்ணிருப்பேன், தம்பி. பெட்டிக்குள்ள வச்சு ஈயத்த ஊத்தி மூடியாவது வச்சிருப்பேன்."

அவர் என் தோளில் கை வைத்தார்.

"யாரு எடுக்கச் சொன்னது? உங்க பெரிய சாப்பா?"

"நான்தான்."

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "அந்தம்மாட்ட சொல்லிருங்க" என்றார். "இத வயித்துல வச்சுக்கிட்டு இருக்காதீங்க."

சாம்பலை மண்பானையில் போட்டு, சிவப்புத் துணி கட்டி, ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். அந்த அம்மாள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இவ்வளவு லேசாக இருக்கிறானே என்றார். பானையை விமானத்தில் கொண்டுபோய் அப்பா பக்கத்தில் வைக்கலாம் என்றேன். வேண்டாம், எரிந்த பிள்ளையை நான் எங்கள் ஊருக்குக் கொண்டுபோக முடியாது, அங்கே யாருக்கும் புரியாது என்றார். ஞானப்பிரகாசம் உடனே பாதிரியாரிடம் ஓடினார். மூன்று மணிக்குச் சுவரோரம் ஒரு சின்னக் குழி தயார். பாதிரியார், நாங்கள் மூன்று பேர், குழி வெட்டிய இரண்டு பேர், அவ்வளவுதான் கூட்டம். பானையை இறக்கியதும் அந்த அம்மாள் பையைத் திறந்து சட்டையையும் கோட்டையும் மடிப்புக் கலையாமல் அதன்மேல் வைத்தார். காலுறையையும் வைத்தார். பிறகுதான் அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.

திரும்பும் வண்டி 5.20க்கு. அதற்கு முன் அந்த அம்மாள் கல்லறைத் தோட்டத்திலேயே என்னை ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"போனில் பேசியவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்தச் சொல்!

"பெயர் வேண்டாம். வேலைக்குச் சிக்கல் வரும். ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். தன் பிள்ளையாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பாரா?"

ஆமாம் அம்மா, என் பிள்ளையாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஒரு மணி நேரம்கூட அவனைக் கிடத்தி வைக்க விட்டிருக்கமாட்டேன். அலட்சியத்தில் சொல்லவில்லை, மரியாதை என்று நினைத்துச் சொன்னேன். இதுதான் பதில். வாய் வரைக்கும் வந்தது. எதிரே ஞானப்பிரகாசம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விசாரித்து எழுதுகிறேன்" என்றேன்.

ஞானப்பிரகாசம் அதற்குப் பிறகும் எல்லா நவம்பரிலும் நாற்காலி போட்டார், பேண்டு பிடித்தார். என்னைத் தம்பி என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். சார் என்றார்.

இனி வழி. பம்பாயிலிருந்து காலை வண்டியே நல்லது, நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், முன்பதிவு அவசியம். போர்க் கல்லறை ஸ்டேஷனிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். தொப்பி, தண்ணீர் வேண்டும், உள்ளே நிழல் குறைவு. நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். கன்டோன்மென்ட் கல்லறைத் தோட்டங்களில் வாசலில் கேட்டு அனுமதி வாங்காமல் படம் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்களா? கெட்ட சேதி வந்தால் முதலில் தூதரகத்துக்குப் போன் செய்து, உங்கள் வீட்டு வழக்கம் என்ன என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எரிப்பீர்களா, புதைப்பீர்களா, யார் வரும்வரை வைத்திருக்கவேண்டும், எல்லாவற்றையும். அந்தப் பக்கம் போனை எடுப்பவன் நல்லவனாகவே இருக்கலாம். அவன் தன் வீட்டு வழக்கத்தைத்தான் உங்கள் பிள்ளைக்குச் செய்வான்.

அந்த அம்மாள் ஆறு வருடம் நவம்பர்தோறும் கடிதம் போட்டார். கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்வார், கடைசி வரியில் விசாரித்தீர்களா என்று கேட்பார். பதிலில் மெழுகுவர்த்தி ஏற்றியதை மட்டும் எழுதுவேன். ஏழாவது வருடம் கடிதம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இரண்டு வரி எழுதியிருந்தார், அந்த அம்மாள் இறந்துவிட்டார், சாகும்போது உறவினர் யாரும் இல்லை, பம்பாயிலிருந்து ஏதாவது பதில் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று.