ஒரு ரூபாய்க்குள் ஐந்து குண்டு

நான் வேலை பார்த்த கம்பெனியில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். செக்‌ஷன் பெயர்தான். வார்ப்பில் நிற்பவர் மோல்டிங், சாமான் எடுத்துக் கொடுப்பவர் ஸ்டோர், நான் இன்ஸ்பெக்‌ஷன். "இன்ஸ்பெக்‌ஷன் சாப்பிடப் போயிருக்கு" என்று என் காதுபடவே சொல்வார்கள். நானும் கோபித்துக்கொண்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் கம்பெனி என்று சொல்லிக்கொள்ள ஒன்றிரண்டு கொட்டகைகள்தான் இருந்தன. எங்களுடையது அதில் ஒன்று. அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றி, மோட்டார் பம்புக்கு மூடி செய்வோம். அந்த மூடிகளை அளந்து பார்த்துச் சரி, சரியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. பெரும்பாலும் சரி என்றே எழுதினேன். லாரி வாசலில் நிற்கும்போது சரியில்லை என்று எழுதும் இன்ஸ்பெக்‌ஷனை நான் எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை. காலையில் ஓட்டை விழுந்திருந்த மூடி, லாரிக்காரர் ஹாரன் அடித்ததும் நல்ல மூடியாகிவிடும். சம்பளம் கொடுத்தார்கள், எழுதினேன். ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

எப்போதாவது சரியில்லை என்று எழுத நேர்ந்தால் அதற்கென்று ஒரு ஃபாரம் உண்டு. காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: உலோகம், அச்சு, ஆள். ஏதாவது ஒன்றில் டிக் அடிக்காவிட்டால் ஃபாரத்தை ஆபீசில் வாங்க மாட்டார்கள். உலோகம் வாங்குவது முதலாளியின் மைத்துனர். அச்சுக்குப் படம் போட்டுக் கொடுப்பது முதலாளி. மிச்சம் இருக்கிற கட்டத்தில்தான் என் பேனா எப்போதும் போய் நின்றது.

அந்த வருடம் முதலாளி மெட்ராசில் ஓர் ஏலக்கடையிலிருந்து ஏர் கன் ஒன்றை வாங்கி வந்தார். திருவிழாவில் பலூன் சுடுகிற சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இதன் குழாய்க்குள் என் சுண்டுவிரல் போனது. பின்பக்கம் ஓர் இரும்பு உருளை இருக்கும்; அதில் கைப் பம்பால் காற்றை அடைக்க வேண்டும். ஒருவர் சட்டை நனைய அடித்து முடித்தால் இன்னொருவர் சட்டை நனையாமல் ஒரு பத்துப் பன்னிரண்டு முறை சுடலாம். யாரோ வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்றார் முதலாளி. வெள்ளைக்காரன் விட்டுப்போகாத பொருளை அந்தக் காலத்தில் எந்த ஏலக்கடைதான் விற்றது? லைசென்ஸ் வேண்டாமா சார் என்று ஸ்டோர் கேட்டதற்கு, "காத்துக்கு எதுக்குய்யா லைசென்ஸ்?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். முதலாளி சிரித்தால் எல்லா செக்‌ஷனும் சிரிக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனி வழக்கம்.

அந்தத் துப்பாக்கிக்குக் குண்டு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஈயத்தை உருக்கி நாமே வார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி முடிவு செய்தார். 'நாம்' என்றால் மோல்டிங்.

மோல்டிங் மணிமங்கலம் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆறு வருடமாகத் தற்காலிகம். சில மாதங்களுக்கு ஒரு முறை பதிவேட்டில் அவர் பெயரை அடித்துவிட்டு, பத்து நாள் வீட்டில் உட்கார வைத்து, மறுபடி புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். கொட்டகையிலேயே பழைய ஆள் அவர்தான். காகிதத்தில் மட்டும் எப்போதும் புது ஆள். அவருடைய மனைவி கல் குவாரிக்கு ஜல்லி உடைக்கப் போய்க்கொண்டிருந்தார். இருமல் வந்துவிட்டது. "பெர்மனென்ட் ஆயிட்டா மொத வேலை சார், நாளைலேந்து குவாரிக்குப் போவாதன்னு அவ கைல சொல்லிடுவேன்" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். டீ குடிக்கிறபோது, சாப்பிடுகிறபோது, சும்மா இருக்கிறபோதுகூடச் சொல்வார்.

முதலாளிக்கும் இது தெரியும். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "முப்பது அடிக்கு அந்தாண்ட அட்டை வைக்கிறேன். நான் சுடுற அஞ்சு குண்டும் ஒரு ரூபா காசுக்குள்ள விழணும். அப்படிக் குண்டு ஊத்திக் குடு. அன்னிக்கே உனக்கு பெர்மனென்ட் ஆர்டர்."

'நான் சுடுற' என்ற இடத்தை அன்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

மோல்டிங் அந்தக் குண்டுகளை வார்த்த விதத்தை நான் பார்த்தேன். அச்சை முதலில் சூடாக்குவார். ஈயத்தின் மேல் படிகிற கசடை ஒரு துளி விடாமல் வழித்து எடுப்பார். கரண்டியை ஒரே சீராகச் சாய்த்து ஊற்றுவார். கம்பெனி மூடிகளுக்கு இதில் பாதி கவனம் காட்டியிருந்தால் நான் யோக்கியனாகவே ரிட்டயர் ஆகியிருப்பேன். ஆறிய குண்டுகளை நான் மைக்ரோமீட்டரில் அளந்தேன். நகை செய்கிற பத்தர் ஒருவரிடம் தராசு இரவல் வாங்கி ஒவ்வொன்றாக நிறுத்தேன். ஒன்றுக்கொன்று மயிரிழைகூட வித்தியாசமில்லை. என் வாழ்நாளில் மனசாரச் சரி என்று எழுதியது அந்த ஈயக் குண்டுகளுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டெஸ்ட். கொட்டகைக்குப் பின்னால் ஏரிக்கரை. கரைமேட்டை ஒட்டி ஒரு மரச் சட்டம். அதில் கிரீஸ் டப்பா வந்த அட்டையைக் குத்திவைப்போம். இந்தப் பக்கம் மேசை, மேசைமேல் மணல் மூட்டை, மூட்டைமேல் துப்பாக்கி. மோல்டிங் காற்று அடிப்பார். நான் நோட்டும் பேனாவுமாக நிற்பேன். வாட்ச்மேன் முதலாளிக்குக் குடை பிடிப்பார். வாட்ச்மேன் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், பட்டாளத்திலிருந்து வந்தவர்.

முதல் ஞாயிறு முதலாளி ஐந்து குண்டு சுட்டார். ஒன்று அட்டையின் மேல் மூலையில், ஒன்று கீழே, ஒன்று சட்டத்தில். ஒன்று கரைமேட்டில் புழுதி கிளப்பியது. ஐந்தாவது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. கக்கூஸ் தகரக் கதவில் அது இருந்ததை மறுநாள் ஸ்டோர் கண்டுபிடித்தார். பாவம், உள்ளே போகும்போது பார்த்திருக்கிறார்.

"குண்டு சரியில்ல" என்றார் முதலாளி.

நான் நிற்கிற இடத்திலிருந்து எனக்கு ஒன்று நன்றாகத் தெரிந்தது. விசையை இழுப்பதற்கு முன்பே முதலாளி இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொள்வார். கூடவே தோளும் ஒரு குலுக்கல். டப் என்று சத்தம் வந்த பிறகு கண்ணைத் திறந்து, குண்டு எங்கே என்று எங்களைக் கேட்பார். இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? நான் ஃபாரத்தை எடுத்து, ஆள் என்ற கட்டத்தில் டிக் அடித்து, 'வார்ப்புக் குறை' என்று எழுதினேன். அப்படித்தான் எழுதச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஈயத்தில் கொஞ்சம் வெள்ளீயம் சேர்க்கச் சொன்னார். சேர்த்தார். வார்ப்புக் குறை. அதற்கடுத்த ஞாயிறு குண்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். தடவினார். வார்ப்புக் குறை. மோல்டிங் மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். மூன்று வாரமாகப் பூசைக்குப் போகவில்லை. "சாமியாரு கேக்குறாரு சார், இன்னாப்பா ஆளையே காணோம்னு. துப்பாக்கிக்குக் காத்து அடிக்கிறேன்னு எப்பிடி சார் சொல்றது?" என்றார். குண்டில் குறையில்லை, எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொன்னேன். "உங்களுக்குத் தெரிஞ்சு இன்னா சார் பிரயோஜனம்" என்றார்.

நான்காவது ஞாயிறு முதலாளி புது அட்டை வைக்கச் சொல்லி ஐந்து குண்டு சுட்டு முடித்தார். அட்டையைப் போய்ப் பார்ப்பதற்குள், மெட்ராசிலிருந்து ட்ரங்க் கால் என்று ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டார். நான் அட்டையருகே போனேன். ஒரே ஓர் ஓட்டை, அதுவும் ஓரத்தில். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. நான் அளந்த குண்டுகள் அவை. என் கையெழுத்துக்கு ஒரு முறையாவது மரியாதை கிடைக்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. ஓட்டை விழுந்த அட்டையைக் கிழித்து எறிந்துவிட்டுப் புது அட்டையைக் குத்தினேன்.

"நீங்க சுடுங்க" என்றேன் வாட்ச்மேனிடம்.

"வேணாம் சார். தொட்டேன்னு தெரிஞ்சா சோத்துல மண்ணு விழுந்துரும்" என்றார். ஆனால் கை அதற்குள் குடையைக் கீழே வைத்துவிட்டிருந்தது. உட்கார்ந்தார். மணல் மூட்டையை ஒரு தட்டுத் தட்டினார். அவசரமே படாமல், இரண்டு கண்களும் திறந்தபடியே, ஐந்து முறை சுட்டார்.

மோல்டிங் ஓடிப்போய்ப் பார்த்தார். பையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்து ஓட்டைகளின் மேல் வைத்தார். ஐந்தும் காசுக்கு அடியில் மறைந்தன. சிலுவை போட்டுக்கொண்டார்.

"சார், மொதலாளி சுட்டதுன்னு வெச்சிக்கலாம் சார். அவருதான் அட்டையைப் பாக்கவே இல்லியே" என்றார்.

"அதான் எனக்கும் நல்லது. நான் துப்பாக்கியத் தொடவே இல்ல" என்று வாட்ச்மேன் மறுபடி குடையை எடுத்துக்கொண்டார். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலாளி வந்தார். அட்டையைப் பார்த்தார். காசை வைத்துப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "நானா?" என்று ஒரு முறை கேட்டுக்கொண்டார், பதிலுக்கு நிற்கவில்லை. மோல்டிங்கின் தோளில் தட்டி, "காலைல ஆபீசுக்கு வந்து ஆர்டர வாங்கிக்க" என்றார். மோல்டிங் கும்பிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் முதலாளி என் பக்கம் திரும்பினார். "யோவ் இன்ஸ்பெக்‌ஷன், மூணு வாரமா குண்டுல குறைன்னு எழுதி இந்தாள் வயித்துல அடிச்சிருக்கியே! இதப் பாரு, குண்டு ஜம்முனு இருக்கு. உனக்கு அளக்கத் தெரியல. மைக்ரோமீட்டர ஸ்டோர்ல குடுத்துட்டுப் போய் மூடி எண்ணு."

நான் அளந்தது தப்பு என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. எழுதியது பொய் என்று சொல்லியிருந்தால் சும்மா இருந்திருப்பேன். அளக்கத் தெரியவில்லை என்றாரே! வாய் தானாகத் திறந்துகொண்டது. "சார், இத நீங்க சுடல. வாட்ச்மேன் சுட்டாரு. குண்டு மொதல்லேந்தே நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க கண்ண மூடிக்கிட்டுச் சுடறீங்க."

குடை மட்டும் லேசாக ஆடியது. முதலாளி அட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்தார். "நான் சுட்டாத்தான் டெஸ்ட்டு. வாட்ச்மேன் சுட்டது கணக்குல வராது" என்றார். துப்பாக்கியைத் தானே தூக்கிக்கொண்டு காருக்குப் போனார்.

மறுநாள் மோல்டிங்கின் பெயரை வழக்கம்போல அடித்தார்கள். பத்து நாள் கழித்து அவர் வந்தபோது புது ஆள் வேறொருவர் இருந்தார். வாட்ச்மேனை மெட்ராஸ் குடோனுக்கு மாற்றினார்கள். எனக்கும் ஏதோ நடக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். நடந்தது. ஒரு மாதம் கழித்துச் சம்பள உயர்வு கொடுத்தார்கள். மூடி வாங்க வருகிற கம்பெனிக்காரர்களிடம் முதலாளி என்னைக் காட்டி, "மொதலாளின்னும் பாக்காம மூஞ்சிக்கு நேரா உண்மைய சொன்ன ஆளு. இவர் கையெழுத்து போட்டா நீங்க பிரிச்சுப் பாக்கவே வேணாம்" என்பார். அவர்களும் பிரித்துப் பார்ப்பதை விட்டார்கள். ஓட்டை மூடிகள் முன்னைவிடச் சுலபமாக லாரி ஏறின.

அடுத்த வருடம் படப்பை பஸ் ஸ்டாப்பில் மோல்டிங்கைப் பார்த்தேன். பக்கத்தில் அவர் மனைவி. இரண்டு பேர் தலையிலும் கல் தூள் அப்பியிருந்தது. அந்த அம்மாள் இருமிக்கொண்டே எனக்குக் கும்பிடு போட்டார். நான் யார் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். "நான் அன்னிக்கு உண்மையத்தான் சொன்னேன்" என்று உளறினேன்.

மோல்டிங்குக்குக் கோபமே இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது.

"தெரியும் சார்" என்றார். "தெனம் லாரி லாரியா பொய் எழுதுவீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு. எழுதக்கூட வேணாம் சார், கம்முனு இருந்திருந்தா போதும்."

பஸ் வந்தது. மனைவியை முதலில் ஏற்றிவிட்டு அவரும் ஏறிக்கொண்டார். நான் போக வேண்டிய பஸ்ஸும் அதுதான். கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்டார். நான் ஏறவில்லை.