ஏழாவது மணியில் நின்ற ஜெபம்

சனிக்கிழமை மாலை நாலு பத்து. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளின் அறை சாத்தியிருந்தது. உள்ளே மாடி வீட்டு ஸ்டெல்லா டீச்சரின் முணுமுணுப்பு. மதம் மாற்றத்தான் தினமும் வருகிறார் என்று எனக்கு ஒரு வாரமாகச் சந்தேகம். கதவைத் தள்ளினேன். மகள் கையில் ஜெபமாலை.

"இயேசு பிறந்ததை நினைச்சு ஜெபம் பண்றோம்மா. குழந்தை இன்னும் திரும்பலனு டாக்டர் சொன்னதுலேர்ந்து பயமா இருக்கு. நான்தான் டீச்சரைக் கூப்பிட்டேன்."

மாலையைப் பிடுங்கி டீச்சரிடம் நீட்டினேன். "வயித்துல இருக்கற புள்ளைக்கே வலை வீசறீங்களா? கிளம்புங்க."

அவர் மாலையை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அரை மணியில் மகளுக்கு வலி எடுத்தது. பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ ஊர்ந்தது. ஆபரேஷன் அறைக் கதவு மூடிய பிறகுதான், அந்தப் பயத்தை அவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உறைத்தது. சொன்னால் நான் குறுக்கு விசாரணைதான் செய்திருப்பேன்.

பேத்தி நலமாகப் பிறந்தாள். ஆனால் அதற்குச் சற்று முன் நடந்ததுதான் இன்னும் என்னை உலுக்குகிறது. கூட்டத்தில் நடந்தே வந்த டீச்சர், மூச்சு வாங்க என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எதுக்கு வந்தீங்க?" என்றேன், அப்போதும் சந்தேகமாக.

"மாலையில ஏழாவது மணியில நிறுத்திட்டீங்க, பத்து முடிய இன்னும் மூணு இருக்கு. நீங்க உங்க அண்ணாமலையாரைக் கூப்பிடுங்க, நான் இதை முடிச்சிடறேன்."