பாண்டிச்சேரியிலிருந்து சேலத்துக்கு

கவுஸ் பாஷா திருவண்ணாமலையில் கார் ஓட்டிப் பிழைக்கிறவர். லாட்ஜ் வாசல்களில் சவாரி பிடித்தே வேங்கிக்காலில் வீடு கட்டினார், மகள் மெஹ்விஷுக்கு நிக்காஹ் முடித்தார். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் கார் நுழையாது. அதற்கு அவர் காலண்டர் பார்த்ததில்லை. பிறை கண்ட நாளிலிருந்து விரல்விட்டு எண்ணுவார். பதினாலாம் பிறையன்று ஊர்ப்பக்கம் சவாரி எடுக்க மாட்டார். இத்தனை வருஷமாக அந்தக் கணக்கில்தான் வண்டி ஓடியது.

அன்று காலையில் மருமகன் சைஃபுல்லாவைப் பாண்டிச்சேரி விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார். ராத்திரிக்குள் ஹைதராபாத் போய் சவூதியின் தம்மாமுக்கு விமானம் ஏறாவிட்டால் விசா முடிந்துவிடும், வேலையும் போய்விடும். போனால் விமானம் ரத்து. சாயங்காலம் சேலத்திலிருந்து கிளம்புவதில் இடம் தருகிறோம், அங்கே போய்ச்சேருவது உங்கள் பாடு என்று கையை விரித்துவிட்டார்கள்.

கள்ளக்குறிச்சி வழியாகப் போகலாமா என்று சைஃபுல்லா கேட்டான். போனிலும் அதுதான் காட்டியது.

"நம்ம ஊரு ரோடு இருக்க அது எதுக்கு மாப்ள? இன்னிக்குப் பிறை பதிமூணுதான். கூட்டம் நாளைக்கு."

செஞ்சி வரை வண்டி பறந்தது. கீழ்பென்னாத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ்கள் வரிசைகட்டி நின்றன. ஜனம் தண்ணீர் பாட்டிலும் பையுமாக இறங்கி நடந்துகொண்டிருந்தது. காரை ஓரங்கட்டச் சொன்ன போலீஸ்காரர், இனி விடியற்காலைதான் வழி என்றார்.

கவுஸ் பாஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மாதம் மேகமூட்டத்தில் பிறை தெரியவில்லை. ஒரு நாள் தள்ளித்தான் மாதம் பிறந்தது. அப்படியானால் பௌர்ணமி இன்றைக்கே.

வண்டியைத் திருப்பி வேட்டவலம், மணலூர்பேட்டை, தண்டராம்பட்டு என்று கிராமத்து ரோடுகளில் விரட்டினார். காயப்போட்ட மல்லாட்டைக் கடலையும் ஆட்டு மந்தையும் குறுக்கே வந்தன. மெஹ்விஷின் அழைப்பு அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்க இரண்டு பேருக்கும் துணிவில்லை. சைஃபுல்லா திட்டியிருந்தால் தேவலை. அவன் பாஸ்போர்ட்டைத் தொடையில் வைத்து அமுக்கியபடி வந்தான். அரூர் தாண்டித்தான் பேசினான்.

"மெதுவாப் போங்க மாமா. வேலை போனா போவுது."

அதைக் கேட்டதும் அவர் இன்னும் வேகமாக மிதித்தார்.

சேலத்தில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நிறுத்துவதற்குள் சைஃபுல்லா குதித்து ஓடினான். வாசல் காவலர் அவன் போனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே விட்டார். கவுஸ் பாஷா கம்பியைப் பிடித்தபடி, அவன் திரும்பி வருகிறானா என்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுபடி மெஹ்விஷ் அழைத்தாள். இந்த முறை எடுத்தார்.

"சீட்ல உக்காந்துட்டாராம்பா. இப்பதான் மெசேஜ் வந்துச்சு."

"ஃப்ளைட்டுக் கதவை மூடிட்டாங்களானு கேளும்மா."

கேட்டு, மூடியாச்சு என்றாள். இன்னொரு தரம் கேட்கச் சொன்னார்.