பிள்ளையார் மறித்த கடிதம்

அபிராமி அந்த ஈமெயிலை பிரிண்ட் எடுக்கத்தான் என்னிடம் தந்தாள். ஆனால் பக்கத்தில் நின்ற அவளுடைய அம்மா கையைப் பிசைந்த விதத்தைப் பார்த்து நானும் வாசித்துவிட்டேன்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருபத்தாறு வருடம் கொமினிகேஷன் கடை நடத்தினேன். போட்டோகொப்பி, டைப்பிங், ஸ்கேனிங், பிற்காலத்தில் ஒன்லைன் விண்ணப்பங்கள். கடையை இப்போது மருமகன் பார்க்கிறார். இந்த வேலைக்கு வரும் இளம் ஆட்களுக்காக என் பிழை ஒன்றை எழுதி வைக்கிறேன்.

1. எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை

ஈமெயில் கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. சுகாதாரப் படிப்புக்கு அபிராமி விண்ணப்பித்திருந்தாள். ஏ-லெவலில் அவளுக்கு இரண்டு சீ, ஒரு எஸ்; சுமாரான பாஸ்தான்.

"அண்ணை, எடுத்திட்டினமோ, இல்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"ரெண்டும் இல்லையம்மா. டிஃபர் பண்ணியிருக்கினம். முடிவை அடுத்த ரவுண்டுக்குத் தள்ளி வைச்சிருக்கினம்."

"அப்ப நாங்கள் பஸ் ஹோல்ட்டில நிக்கிற மாதிரித்தான்."

விண்ணப்பித்த பிறகு புதிதாக ஏதாவது செய்திருந்தால் ஒரே ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பலாம் என்றும் அதில் இருந்தது. அம்மா டொக்டரிடம் கேட்பதுபோல என்னிடம் கேட்டார்.

"எவ்வளவு சான்ஸ் இருக்கும் அண்ணை?"

"கடிதம் வடிவா இருந்தா அரைவாசிக்கு மேல இருக்கு," என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல் சொன்னேன். கவுண்டருக்குப் பின்னால் இருப்பவன் தெரியாது என்று சொல்லக் கூடாது என்பது அப்போது என் எண்ணம்.

2. எல்லாருக்கும் பொருந்தும் கடிதம்

என் கம்ப்யூட்டரில் ஓர் ஆங்கிலக் கடிதம் இருந்தது. ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவர் முன்பு எழுதித் தந்தது. 'மிகவும் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்று தொடங்கும். நல்ல குடும்பம், நல்ல ஒழுக்கம், கஷ்டப்பட்டுப் படிப்பேன் என்று முடியும். பெயரை மாற்றினால் போதும். வேலைக்கு, விசாவுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான் போனது. அதன் தலையில் நடுவே ஒரு 'உ'. பிள்ளையார் சுழி போடாமல் நான் எந்தக் கடிதமும் தொடங்கியதில்லை. கையால் எழுதிய காலத்துப் பழக்கம் அப்படியே கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது.

அபிராமி வாசித்துப் பார்த்தாள். "அங்கிள், நான் புதுசா என்ன செய்தனான் எண்டு இதில இல்லையே. அதைத்தானே கேட்டிருக்கினம்."

"மரியாதையா எழுதினாத்தான், பிள்ளை, அவையின்ர மனம் இளகும்."

"அங்கிள் எத்தினை பேருக்கு அனுப்பினவர், நீ சும்மா இரு," என்றார் அம்மா.

கலண்டரைப் பார்த்து ராகு காலம் முடியும் வரை காத்திருந்து அனுப்பினோம்.

3. வெற்றுக் கட்டம்

நான்காம் நாள் பதில் வந்தது. கடிதத்தின் முதல் வரியில் எழுத்துக்குப் பதிலாக வெற்றுக் கட்டம் ஒன்று தெரிகிறதாம். ஃபைல் பழுதாகியிருக்கலாமாம். இதை ஏற்கவில்லை, ஐந்து நாளுக்குள் சரியான பிரதியை அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள்.

அது என் 'உ'தான்; அவர்களுடைய கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வரவில்லை. பிள்ளையின் ஒரே வாய்ப்பை நான் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். அபிராமிதான் சிரித்தாள்.

"அங்கிள், உங்கட பிள்ளையார் கனடா வரைக்கும் போய் பெட்டிக்குள்ள நிக்கிறார்."

"சாமியைப் பகிடி பண்ணாதை," என்று அம்மா அதட்டினார்.

நான் அவசரமாக 'உ'வை அழித்துவிட்டு அதே கடிதத்தைத் திரும்ப அனுப்பப் போனேன். அபிராமி மௌஸில் கை வைத்தாள்.

"நில்லுங்கோ அங்கிள். திருப்பித்தானே கேட்டிருக்கினம். இந்த முறை நான் எழுதுறன்."

"எழுத என்ன இருக்குப் பிள்ளை? ரிசல்ட் அதேதானே."

"விண்ணப்பம் போட்ட பிறகு செவ்வாய்க்கிழமையில அம்மாவோட களுபோவில ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போறனான். கியூவில நிக்கிற தமிழ் ஆக்கள் கனபேருக்குச் சிங்களம் தெரியாது. அவைக்கு நான்தான் டொக்டரிட்டச் சொல்லிக் குடுக்கிறனான். இப்ப நேர்ஸே 'நங்கி, மெஹெ என்ட', தங்கச்சி இங்க வா எண்டு கூப்பிடுறா. எரியுது, குத்துது, விறைக்குது எண்டு ஒவ்வொண்டுக்கும் சிங்களத்தில என்ன சொல்றது எண்டு கேட்டு ஒரு கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன்."

"இதையும் ஒரு விஷயமெண்டு எழுதுறதே?" என்று அம்மா கேட்டார். உண்மையைச் சொன்னால் நானும் அதையே நினைத்தேன். சேர்ட்டிபிகேட் இல்லாத எதையும் நம் ஆட்கள் கணக்கில் எடுப்பதில்லை.

அபிராமி அடுத்த கம்ப்யூட்டரில் ஒன்றரை மணி நேரம் இருந்து ஒரு பக்கம் எழுதினாள். அதில் தாழ்மையும் இல்லை, வேண்டுதலும் இல்லை. கொப்பியில் இரண்டு பக்கத்தை ஸ்கேன் பண்ணிச் சேர்த்துக் கொடுத்தது மட்டும்தான் என் வேலை. நான் கலண்டரைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் அனுப்பிவிட்டாள். முருகா என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்துத் தாயும் மகளும் கோயில் பிரசாதத்தோடு வந்தார்கள். முதல் வருடம் அடிப்படைப் பாடங்களில் தேறினால் பட்டப்படிப்பில் இடம் உண்டு என்று கடிதம் வந்திருந்தது. அந்தக் கொப்பிப் பக்கங்களை விரும்பி வாசித்ததாகவும் ஒரு வரி இருந்தது.

"அரைவாசிக்கு மேல எண்டு நீங்கள் சொன்னது சரியாப் போச்சு அண்ணை," என்றார் அம்மா. எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான் சும்மா சொன்னது தங்கச்சி. எழுதினது பிள்ளை," என்றேன்.

அன்றே அந்தப் பழைய கடிதத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். சுழி போடுவதை விடவில்லை. கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். சான்ஸ் எவ்வளவு என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்லப் பழகினேன். பிறகு பெற்றோரை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்து, விண்ணப்பம் போட்ட பிறகு என்ன செய்தாய் என்று கேட்பேன். நீங்களும் அதைக் கேளுங்கள்.

தடைகளை நீக்குபவர் என்றுதான் பிள்ளையாரைக் கும்பிடுகிறோம். அன்று அவரே தடையாகப் போய் நின்றார். நிற்காமல் விட்டிருந்தால் என் கடிதம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.