சிவப்பைப் படிக்காத இணைப்பு

இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கட்டடக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றுக்கு ஒப்பந்த வேலையாகப் போயிருந்தேன். பரிசோதனைக் கூடத்தின் எக்செல் கோப்பை, லாரிக்குச் சரக்கு அனுப்பும் புது மென்பொருளோடு ஏபிஐ வழியாக இணைக்க வேண்டும். கோப்பில் ஏற்றுவது தானாக அங்கே போய்விடும்; யாரும் மறுபடி உட்கார்ந்து தட்ட வேண்டாம். அவ்வளவுதான் வேலை.

கூடத்தைக் கவனித்துக்கொண்டிருந்த அக்கா தினமும் ரயிலில் வருவார். கம்பியை வளைத்துப் பார்ப்பார். விரிசல் விட்டால் கோப்பில் அந்தக் கம்பித் தொகுதியின், அதாவது லாட்டின், வரிசை முழுவதையும் சிவப்பாக்கிவிடுவார். எழுத்தில் ஒன்றும் இருக்காது.

"ஏன்க்கா, ஃபெயில்னு ஒரு வார்த்தை எழுதினா இன்னா?"

"எழுதினா ஹெட் ஆபீஸ்லேர்ந்து மேனேஜருக்கு போன் வரும்பா. அவரு என் தலையப் போட்டு உருட்டுவாரு. கலரு மட்டும் போடுன்னு அவருதான் சொல்லிக்கிறாரு. லோடு ஏத்துறவங்க அதப் பாத்துக்கினு ஓரங்கட்டிடுவாங்க."

ஆலைக்குள் இந்தச் சிவப்புக்கு அர்த்தம் தெரியாதவர் யாருமில்லை. ஆனால் நான் போட்ட இணைப்பு எண்ணையும் எழுத்தையும்தான் எடுத்துப் போகும். அதனால் சிவப்பு வரிசையைக் கண்டால் சரக்கை நிறுத்தும்படி தனியாக நிரல் எழுதிச் சேர்த்தேன். மேலாளர் பார்த்துவிட்டு உடனே எடுக்கச் சொன்னார்.

"ஹெட் ஆபீஸ் ஸ்கிரீன்ல அது தெரியும்பா. நம்ம ரிஜெக்‌ஷன் நம்மகிட்டயே இருக்கட்டும்."

"அப்போ கெட்ட லாட்டும் லாரி ஏறிடும் சார்."

"லாரிய நான் பாத்துக்கிறேன்."

நிரலை எடுத்துவிட்டேன். அவர் பார்த்துக்கொண்ட லட்சணம்! கொஞ்ச நாளிலேயே சிவப்பு லாட் ஒன்று ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக் கட்டடத்துக்குப் போய், வளைக்கும்போதே முறிந்தது. நல்லவேளை, கான்கிரீட்டுக்குள் போகவில்லை. லோடு ஏற்றுபவர்கள் இப்போது பார்ப்பது புது மென்பொருளின் திரையை. அதில் எல்லா வரிசையும் வெள்ளை.

ஹெட் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து நடத்திய விசாரணையில் மேலாளர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "லேப்ல எங்கயும் ஃபெயில்னு எழுதல சார்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலர் மட்டும் போடச் சொன்னதும் நீங்கள்தான், நிரலை எடுக்கச் சொன்னதும் நீங்கள்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஹெட் ஆபீஸ்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டெக்னிக்கல் விஷயம், உங்களுக்குள்ள சரி பண்ணிக்குங்க" என்று எழுந்து போனார்.

சரிபண்ணும் உத்தரவு மறுநாளே மேலாளரிடமிருந்து வந்தது. 'சோதித்து அனுமதித்தவர்' என்று திரையில் புதிதாக ஒரு கட்டம் வேண்டுமாம். லாரி ஏறும் ஒவ்வொரு லாட்டுக்கும் அக்காவின் பெயரை நிரலே அதில் போட்டுவிட வேண்டுமாம். அவர் அந்தக் கம்பியைத் தொட்டாரா, வளைத்தாரா என்ற கேள்வியே வேண்டாமாம். என்ன நெஞ்சழுத்தம்! என்னால் முடியாது என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, கூடத்துக்குப் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த கம்பித் துண்டைக் கீழே வைத்தார்.

"அப்போ நான் லீவு போட்டுக்கினு ஊட்ல படுத்திருந்தாக்கூட, இங்க நான் ஓகே சொல்லிக்கினே இருப்பனா?"